5 வீதம் எடுத்தால் ஆசனமா? குச்சவெளி வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பிரதேசத்தில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். வயது 33. எங்கள் கரைவலைப் பாட்டுக்கு (வலை இழுக்கும் இடத்துக்கு) அருகே வாடி போட்டிருந்த கரைக் காணியை யாரோ வேலி அடைத்துவிட்டார்கள். எந்தக் கட்சியிடம் போனாலும் ‘பார்ப்போம்’ என்கிறார்கள். சென்ற மாதம் நகரத்திலிருந்து இருவர் வந்தார்கள். அடுத்த பாராளுமன்றத் தேர்தலுக்கு ஏழு பேர் கொண்ட சுயேச்சைக் குழு ஒன்று போடுகிறார்களாம். மாவட்டத்தில் 5 வீதம் எடுத்தால் ஆசனம் உறுதி, ஆசனம் கிடைத்தால் யார் ஆட்சி அமைத்தாலும் பேரம் பேசலாம், கட்டுப்பணம் தாங்களே கட்டுவோம் என்றார்கள். வெல்பவர் இரண்டரை ஆண்டில் விலகி எனக்கு இடம் தருவதாக நொத்தாரிசு முன்னிலையில் எழுதித் தருவார்களாம். என் அடையாள அட்டைப் பிரதியையும் ஒரு படிவத்தில் ஒப்பத்தையும் வாங்கிச் சென்றுவிட்டார்கள். வேறு சிலர், இதைவிட அரசுக் கட்சியோடு சேர் என்கிறார்கள். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் போகக் கூடாது. ஒப்பமிட்ட படிவத்தை இந்த வாரமே திரும்ப வாங்குங்கள். எப்படி வாங்குவது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அவர்கள் சொன்ன கணக்கு எங்கே பிழைக்கிறது என்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். உங்களிடம் சரிவராவிட்டால் அவர்கள் அடுத்த கிராமத்துச் சங்கச் செயலாளரிடம் போவார்கள். அவர் உங்களிடம்தான் யோசனை கேட்பார்.

5 வீதம் என்பது வெட்டுப்புள்ளி. மாவட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் அதற்குக் கீழே எடுத்த கட்சியும் குழுவும் ஆசனக் கணக்கிலிருந்தே நீக்கப்படும். அதைத் தாண்டினால் கணக்கில் சேர்க்கப்படுவீர்கள், அவ்வளவுதான். ஆசனம் வேறு கதை. திருகோணமலை மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். அவற்றில் ஒன்று, அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு மேலதிக ஆசனமாகப் போய்விடும். மிஞ்சிய மூன்றைத்தான் விகிதப்படி பிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கணக்கையோ கொழும்புக் கணக்கையோ இங்கே கொண்டுவந்து பேசுகிறவர் ஒன்றில் அறியாதவர், அல்லது அறிந்தே உங்களை ஏமாற்றுகிறவர்.

2024 நவம்பர் 14 தேர்தலை எடுங்கள். தேசிய மக்கள் சக்தி (திசைகாட்டிச் சின்னம்) 87,031 வாக்குகள், ஐக்கிய மக்கள் சக்தி (தொலைபேசி) 63,383, இலங்கைத் தமிழரசுக் கட்சி (வீடு) 34,168. மற்ற எல்லோரும் 5 வீதத்துக்குக் கீழே. இந்த மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 61,500 வாக்குகள். திசைகாட்டிக்கு ஒன்று, மீதி சுமார் 25,500. தொலைபேசிக்கு ஒன்று, மீதி இரண்டாயிரத்துக்கும் குறைவு. வீட்டுச் சின்னத்துக்கு முழு ஆசனத்துக்குரிய வாக்கே இல்லை. ஆனால் கையிலிருந்த 34,168 தான் மிஞ்சியவற்றில் பெரிய தொகை. அதனால் மூன்றாவது ஆசனம் வீட்டுக்குப் போனது. மேலதிக ஆசனம் திசைகாட்டிக்கு. இரண்டு, ஒன்று, ஒன்று.

இப்போது உங்களிடம் வந்த இருவரின் குழு அந்தத் தேர்தலில் நின்று 7,000 வாக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். புதிய சுயேச்சைக் குழுவுக்கு அது பெரிய தொகை. மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தன. எனவே 5 வீதத்துக்கே பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும். ஆக அந்த 7,000 வாக்கும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். உங்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த வாக்குகள் தொலைபேசியிலிருந்து கழிந்திருந்தால் முடிவு மாறியிராது, அதன் ஓர் ஆசனம் அதற்கே இருந்திருக்கும். வீட்டிலிருந்து கழிந்திருந்தால்? வீடு சுமார் 27,000க்கு இறங்கும். கணக்கிலுள்ள மொத்த வாக்கும் குறைவதால் ஆசனத்தின் விலையும் குறைந்து, திசைகாட்டியின் மீதி 27,800 அளவுக்கு ஏறும். மூன்றாவது ஆசனம் கைமாறிவிடும். ஏறத்தாழ 6,500 வாக்கு பிரிந்தாலே போதும், திருகோணமலையிலிருந்து தமிழ்க் கட்சி உறுப்பினர் ஒருவரும் பாராளுமன்றத்தில் இருக்க மாட்டார். பத்தாயிரம் பக்கம் போகாத குழு, பாதித் தொகைக்குக் கொஞ்சம் மேலே எடுத்து ஒரு சமூகத்தின் ஒரே இடத்தை இல்லாமல் செய்துவிடலாம். வந்தவர்கள் உங்களிடம் இதைச் சொல்லவில்லை அல்லவா?

இது நடக்காத ஒன்றும் அல்ல. 2000 ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்க் கட்சிகள் இங்கே தனித்தனியாக நின்று, ஒரு தமிழரும் தெரிவாகாமல் போனார். அடுத்த ஆண்டு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக நின்றபோது இரா. சம்பந்தன் வந்தார். 2004 இல் தமிழரசுக் கட்சிச் சின்னத்தில் 68,955, முஸ்லிம் காங்கிரஸுக்கு 65,187. வித்தியாசம் 3,768 வாக்குகள். அந்த வித்தியாசம்தான் மேலதிக ஆசனத்தை வீட்டுக்குக் கொடுத்து, இரண்டு தமிழ் உறுப்பினர்களைக் கொண்டுவந்தது. அம்பாறையில் 2020 இல் இரண்டு தமிழ்ப் பட்டியல்கள் தலா இருபத்தையாயிரத்துக்கு மேல் எடுத்து, இரண்டுமே வெறுங்கையோடு வீடு திரும்பின. பின்னர் தேசியப் பட்டியலில் ஒருவரை நியமித்துத்தான் அந்த மாவட்டத்துக்கு ஒரு குரல் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 இல் திருகோணமலையில் தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஒரே சின்னத்தில் நின்றதால் தப்பினோம். மற்ற மாவட்டங்களில் அவர்களுக்கு அந்த அறிவு வரவில்லை.

எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம் இது. முஸ்லிம் வாக்குக்கும் இதே கணக்குத்தான். தமிழ்க் கட்சிகளுக்கு வாக்குப் போடுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை. யாருக்கும் போடுங்கள். ஆனால் உங்கள் வாக்கும் உங்கள் சங்கத்தவரின் வாக்கும் யாருக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

அடுத்து, இந்த இருவரைப் பற்றி. இவர்களை நான் நேரில் அறியேன், ஆனால் இந்த வகையை நன்றாக அறிவேன். வேட்புமனுக் காலம் நெருங்கும்போது மீன்பிடிச் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் நிர்வாக சபை, பள்ளிவாசல் சம்மேளனம் என்று படியேறுவார்கள். ஆசனம் நான்கு என்றால் பட்டியலில் மூன்று கூட்டி ஏழு பெயர் வேண்டும். ஏழு ஊரிலிருந்து ஏழு பெயர் சேர்ப்பார்கள். கட்டுப்பணத்தைத் தாங்களே கட்டுகிறோம் என்கிறார்களே, அது எவ்வளவு தெரியுமா? சென்ற தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் ஒருவருக்கு 2,000 ரூபாய். ஏழு பேருக்கு 14,000. படகின் வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றைப் பழுதுபார்க்கக் கேட்கும் காசுகூட அல்ல. அந்தக் காசைப் போட்டுவிட்டு அவர்கள் எடுப்பது என்ன? ஒரு குழு வேட்புமனு கொடுத்துவிட்டால் வாக்களிப்பு நிலையங்களுக்கும் வாக்கெண்ணும் நிலையத்துக்கும் முகவர்களை நியமிக்கலாம். அந்த முகவர் அட்டைகளை வேறொரு பெரிய கட்சிக்காரரின் ஆட்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே நிற்பார்கள். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு குழுத் தலைவர் பத்திரிகையாளரைக் கூட்டி, இன்ன கட்சிக்கு ஆதரவு தருகிறோம் என்று அறிவிப்பார். அதற்கும் ஒரு விலை உண்டு. வாக்குச்சீட்டில் உங்கள் குழுவின் சின்னம் அப்படியே இருக்கும். உங்கள் சங்கத்துப் பெண்கள் உங்களை நம்பி அதற்கே புள்ளடி போட்டுவிட்டு வருவார்கள்.

காசு அவர்களுக்கு, பொறுப்பு உங்களுக்கு. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி ஒவ்வொரு வேட்பாளரும், வென்றாலும் தோற்றாலும், ஒரு சதம் செலவழிக்காவிட்டாலும், முடிவு வெளியிடப்பட்டு 21 நாள்களுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குற்றம். 2024 தேர்தலுக்குப் பின் அறிக்கை கொடுக்காத வேட்பாளர்கள் மீது பொலிஸ் நடவடிக்கையும் வழக்கும் வந்தன. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள்தான் இதில் முதலில் அகப்படுவார்கள். அதோடு சொத்து விபரம் கொடுக்க வேண்டும், நாட்டைப் பிரிக்க ஆதரவு தரமாட்டேன் என்ற ஆறாவது திருத்தச் சத்தியப்பிரமாணத்தில் ஒப்பமிட வேண்டும். உங்களிடம் வாங்கிய ஒப்பம் இவற்றில் எதற்கு என்று கேட்டீர்களா?

நொத்தாரிசு உடன்படிக்கைக்கு வருவோம். இரண்டரை ஆண்டு இவர், இரண்டரை ஆண்டு அவர் என்று முத்திரை ஒட்டி எழுதும் கடதாசிக்கு எந்த நீதிமன்றத்திலும் மதிப்பில்லை. பாராளுமன்ற ஆசனம் விற்கவோ ஈடுவைக்கவோ கூடிய காணி அல்ல. அவர் விலகினாலும் இடம் உங்களுக்கு வராது. அதே பட்டியலில் விருப்பு வாக்கில், அதாவது பட்டியலிலுள்ள ஆளுக்கென்று வாக்காளர் தனியே இடும் வாக்கில், அடுத்து நிற்பவருக்குத்தான் வரும். 2024 ஜூன் 30 அன்று சம்பந்தன் காலமானபோது 2020 பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்திருந்த ச. குகதாசன்தான் உறுப்பினரானார். யாருடைய கடிதமும் கேட்கப்படவில்லை. பட்டியலில் மூன்றாவது பெயர் உங்களுக்கு என்று அவர்கள் சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். வரிசைக்கு மதிப்பில்லை, விருப்பு வாக்குக்கே மதிப்பு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதைப் பெரிய கட்சிக்காரரே பிழையாக விளங்கிவைத்திருப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ‘வென்றவர் எங்கள் பேச்சைக் கேட்காவிட்டால் குழுவிலிருந்து நீக்கி ஆசனத்தைப் பறிப்போம்’ என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அல்லது இனிமேல் சொல்வார்கள். அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரையில் 13 ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒரு உறுப்பினர் எந்தக் கட்சியின், எந்தக் குழுவின் நியமனப் பத்திரத்தில் (வேட்புமனுவில்) வந்தாரோ, அதன் உறுப்புரிமையை இழந்தால் ஒரு மாதத்தில் அவருடைய ஆசனம் வெற்றிடமாகும். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். யாருடைய நியமனப் பத்திரம் என்பதைக் கவனியுங்கள். அவர் மனத்தளவில் எந்தக் கட்சிக்காரர் என்பது பொருட்டல்ல.

2020 இல் முஸ்லிம் காங்கிரஸுக்கு ஐந்து உறுப்பினர்கள் இருந்தார்கள். நால்வர் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில் வந்தவர்கள், மட்டக்களப்பில் ஹாபிஸ் நசீர் அஹமட் மட்டும் முஸ்லிம் காங்கிரஸின் சொந்தப் பட்டியலில் வந்தவர். 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய இருபதாவது திருத்தத்துக்குத் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிராக வாக்களிக்க, மற்ற நால்வரும் ஆதரவாக வாக்களித்தார்கள். முஸ்லிம் காங்கிரஸ் பின்னர் நசீர் அஹமட்டை நீக்கியது. 2023 ஒக்டோபர் 6 அன்று உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்றது. அமைச்சராக இருந்தவர் ஆசனத்தையே இழந்தார். தொலைபேசிச் சின்னத்தில் வந்தவர்களை முஸ்லிம் காங்கிரஸ் தனியே நீக்கியிருந்தால் இப்படி ஆசனம் போயிருக்காது. அந்தப் பிடி ஐக்கிய மக்கள் சக்தியின் கையில். சிறிய கட்சி பெரிய கட்சியின் பட்டியலில் ஆளை நிறுத்தும்போது ஆசனம் கிடைக்கலாம், ஆனால் ஆளின் கடிவாளம் பெரிய கட்சியிடம் போய்விடுகிறது. தனிச் சின்னத்தில் நின்றால் கடிவாளம் இருக்கும், ஆசனம் கிடைப்பது கஷ்டம். இலங்கையில் ஒவ்வொரு சிறுபான்மைக் கட்சியும் ஒவ்வொரு தேர்தலிலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் தடுமாறுகிறது. உங்கள் சுயேச்சைக் குழுவில் அந்தக் கடிவாளம் யார் கையில்? நியமனப் பத்திரம் கொடுக்கும் குழுத் தலைவர் கையில். அவர் உங்கள் ஊரவர்கூட அல்லர்.

பேரம் என்றார்கள். பேரம் நடக்க வேண்டுமானால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் கை தேவைப்பட வேண்டும். இப்போதைய பாராளுமன்றத்தில் 225 இல் 159 ஆசனம் ஒரே அணியிடம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கே 150 போதும். அங்கே தனி உறுப்பினர் ஒருவர் எதை வைத்துப் பேரம் பேசுவார்? கை தேவைப்பட்ட காலங்களும் இருந்தன. 2018 டிசம்பர் 12 அன்று ரணில் விக்கிரமசிங்க மீதான நம்பிக்கைப் பிரேரணை 117 வாக்குகளால் நிறைவேறியது. அதில் 14 வாக்குகள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினுடையவை. அவை இல்லாவிட்டால் 103, பெரும்பான்மைக்கோ 113 வேண்டும். அந்த அளவு பலம் கையில் இருந்த நாள்களில் காணி விடுவிப்புக்கோ கைதிகளின் விடுதலைக்கோ திகதி குறித்த எழுத்து ஒன்று வாங்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பேரத்தின் முழு உருவத்தைப் பார்க்க விரும்பினால் இங்கேயே, உவர்மலைப் பக்கம் பாருங்கள். 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 37 ஆசனங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. முஸ்லிம் காங்கிரஸ் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்போடும் அதன் பக்கமிருந்த தேசிய சுதந்திர முன்னணியோடும், அதாவது அரசோடு, சேர்ந்தால் 22. தமிழரசுக் கட்சியோடும் ஐக்கிய தேசியக் கட்சியோடும் சேர்ந்தாலும் 22. ஏழு பேரின் கையில் மாகாணமே இருந்தது. தமிழர் தரப்பு முதலமைச்சர் பதவியையே தருகிறோம் என்றது. அவர்கள் அரசோடு போனார்கள். 2015 இல் கொழும்பில் ஆட்சி மாறியதும் அதே சபையில் முஸ்லிம் காங்கிரஸும் கூட்டமைப்பும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. மேலே சொன்ன அதே நசீர் அஹமட் முதலமைச்சர், இரண்டு தமிழ் அமைச்சர்கள். இரண்டு சமூகமும் ஒரு மேசையில் இருந்து வரவு செலவு பேசிய காலம் அது. குறைகள் இருந்தன, ஆனாலும் கிழக்கில் அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் காணவில்லை. 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. இன்றுவரை தேர்தல் இல்லை. எல்லை நிர்ணயம் என்று ஒரு சட்டத்தை இழுத்துவைத்து, அந்த அறிக்கையைத் தாங்களே தோற்கடித்து, சிறுபான்மையினரின் கைக்கு எட்டக்கூடிய ஒரே ஆட்சி மேசையைத் தூக்கி வைத்துவிட்டார்கள். எல்லா நிறத்து அரசுகளுக்கும் இதில் பங்குண்டு. உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு உரிய இடம் அந்த மாகாண சபைதான். அந்தக் கதவைப் பூட்டிவிட்டு, பாராளுமன்றத்துக்குப் போட்டியிட வாருங்கள் என்று தரகர்களை அனுப்பும் நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அரசுக் கட்சியோடு சேர்வது பற்றி: மனம் ஒப்பினால் சேருங்கள், அது உங்கள் உரிமை. வேலிப் பிரச்சினைக்காக மட்டும் சேராதீர்கள். ஆட்சி மாறும், வேலி அங்கேயே நிற்கும்.

போட்டியிட்டே ஆக வேண்டும் என்ற வேகம் உங்களுக்கு இருந்தால் பிரதேச சபையை யோசியுங்கள். அங்கே வட்டாரம் இருக்கிறது. உங்களை முகம் தெரிந்த சில நூறு பேரின் வாக்கு அங்கே உண்மையான கனம் பெறும். பல சபைகளில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாததால் தனி ஒரு கையும் தவிசாளரை ஆக்கும். யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசம்பரில் முதல்வர் தெரிவு ஒரே ஒரு வாக்கில் முடிந்தது, நினைவிருக்கும். ஆனால் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் தனியாக வேட்புமனு கொடுக்க முடியாது. சபை முழுவதற்கும் பட்டியல் நிரப்ப வேண்டும், பெண்களுக்குரிய பங்கு குறையக் கூடாது, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முதற்கொண்டு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். 2025 இல் அந்தப் பிரதியில் குறை என்று நிராகரிக்கப்பட்ட பத்திரங்கள் நீதிமன்றம் வரை போயின. ஆகவே ஓர் ஆண்டுக்கு முன்பே, அயல் கிராமத்து முஸ்லிம் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். கரைக்கு வழி அடைபட்டது அவர்களுக்கும்தானே?

இனி உடனே செய்ய வேண்டியவை. அந்த இருவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்: ‘இன்ன திகதியில் என்னிடம் பெற்ற அடையாள அட்டைப் பிரதியையும் ஒப்பமிட்ட படிவத்தையும் எந்த நியமனப் பத்திரத்திலும் பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை, திருப்பித் தரவும்.’ பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பிரதியைத் திருகோணமலை மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு ‘நான் விலகிவிட்டேன்’ என்று எத்தனை பேட்டி கொடுத்தாலும் உங்கள் பெயர் உள்ளேதான் இருக்கும். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கரைக் காணிக்கு வேட்பாளர் தேவையில்லை. கடல் மட்டத்தின் உயர் நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதையும் கட்டவோ மறிக்கவோ கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். அனுமதி இருக்கிறதா, யாருக்கு, எந்தத் திகதியில், எந்த நிபந்தனையுடன் என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அத்திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் தனித்தனியாக, சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாள்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். உங்கள் கரைவலைப் பாடு பதிவானதற்கான கடற்றொழில் திணைக்களத்தின் பத்திரங்களைப் பிரதியெடுத்து அதோடு வையுங்கள். பதில் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வைக்கும்படி மாவட்டச் செயலாளருக்கு மனுக் கொடுங்கள். அதே நாளில் மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், சின்னம் பார்க்காமல், ஒவ்வொரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வையுங்கள்.